பத்து வருடத் தேங்காய்

வெஸ்ட் ஈலிங் அம்மன் தேரன்று ஆனந்தராஜா எறிந்த தேங்காய் தெருவில் உடையவில்லை. ஓரமாக நின்ற பொலிஸ் வானின் முன்கண்ணாடியில் உடைந்தது. குனிந்து நிலத்தில் அடிக்க வேண்டியதை, பள்ளிக்கூடத்தில் வேகப்பந்து வீசிய நினைப்பில், ஓடிவந்து கையைச் சுழற்றி விட்டிருந்தான். அந்த நாளில் ஒரு விக்கெட்கூட விழுத்தாத கை!

அதுவும் நேர்த்திக்கடன் தேங்காய். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து மனைவி நகுலேஸ்வரி வயிற்றில் ஒரு பிள்ளை.

அடுத்த கிழமை உள்ளூர்ப் பேப்பரில் அரசுத் தரப்பின் அறிக்கை பெட்டி கட்டி வந்தது: பொலிஸ் வாகனத்துக்குச் சேதம், நிரூபணமானால் பத்து ஆண்டு வரை சிறை.

ஃபாரஸ்ட் கேட்டில் அவனுடைய மரக்கறிக் கடைக்கு வந்தவர்களெல்லாம் நீதவான்களாகிவிட்டார்கள்.

"பேப்பரிலை போட்டால் போட்டதுதான்," என்றார் கிறிஸ்துராஜா, முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தபடி. "உள்ளுக்கை புட்டு குடுப்பினமோ தெரியாது, தம்பி."

"நான் வெளியிலை வரேக்கை பொடியன் என்னை 'ஆர் நீங்கள்' எண்டு கேக்கப்போறான்!" என்றான் ஆனந்தராஜா.

"பெட்டையாயும் இருக்கலாம்," என்றாள் நகுலேஸ்வரி. "புலம்பாமல் லோயரிட்டைக் கேளுங்கோ."

லோயர் வான்மதி, மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "அது பல விஷயத்தைப் பொறுத்தது, அண்ணே."

வழக்கு நாளன்று ஆனந்தராஜா மாற்றிக் கட்டச் சாரம், பல் தேய்க்கப் பிரஷ், ஒரு போத்தல் மிளகாய்த்தூள் சகிதம் பையோடு கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தான். அரசுத் தரப்பு வக்கீலிடம் பேசப் போன வான்மதி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

"அவங்க ஜெயிலே கேக்கல! குற்றத்தை ஒத்துக்கிட்டா, கண்ணாடிக்கு நஷ்ட ஈடு, இனிமே ஒழுங்கா இருக்கணும்னு நிபந்தனை. அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் பத்து வருஷம்?"

"சட்டம் எவ்வளவு தூரம் நீளும்னு பேப்பருக்குச் சொன்னாங்க. கொலைகாரன் மாதிரி தெரிஞ்சாத்தானே செய்தி! உங்களுக்கு என்ன கேப்பாங்கன்னு சொல்லவே இல்ல."

ஆனந்தராஜா பையை இறுக்கிப் பிடித்தான். "பிள்ளை பிறக்கேக்கை நான் பக்கத்திலை நிப்பனோ? பொறுத்தது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, தங்கச்சி."

வான்மதி வழக்குக் கோப்பை மூடினாள்.

"நிப்பீங்க, அண்ணே."