எந்த அளவுக்கு?

அரசியல் தாளில் அவளுக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொக்குக்குப் பத்தொன்பது. அவள் எழுதியது ஐந்து பக்கம், கொக்கு எழுதியதோ ஒன்றரைப் பக்கம். இதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

கொக்கு என்பது நீண்ட கழுத்தும் நீண்ட காலும் கொண்ட அந்தத் தோழிக்கு வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். பாடத்தை முழுதாகப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் தாளில் ஓர் ஆண்டுகூடத் தப்பாக இருந்தது. இவளுடைய தாளில் ஒரு தப்பும் இல்லை.

கேள்வி இதுதான்: ‘பிரதமரை அமைச்சரவை கட்டுப்படுத்துகிறது. இக்கூற்று எந்த அளவுக்குச் சரி?’ பிரதமர் அமைச்சர்களை நியமிப்பதையும் நீக்குவதையும் எழுதியிருந்தாள். கூட்டுப் பொறுப்பு, கூட்டணி அரசில் சிறிய கட்சிகளின் பிடி, அமைச்சர்கள் ராஜினாமா செய்தால் வரும் நெருக்கடி என்று எதையும் விடவில்லை. கடைசி வரி, ‘ஆகவே இரு கருத்துகளிலும் உண்மை உண்டு.’ அதன் கீழே சிவப்பு மையில் ஆசிரியை எழுதியிருந்தார்: ‘நிறையத் தெரிகிறது. விடை எங்கே?’

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள்.

“எல்லாத்தையும் விரிவா எழுதியிருக்கேனே மிஸ்.”

ஆசிரியை தாளைப் புரட்டிவிட்டு, கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பார்க்கச் சொன்னார். அதற்குள் மணி அடித்தது, அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அவள் கேள்வியைப் பல தடவை படித்தாள். புதிதாக ஒன்றும் தெரியவில்லை. கொக்கைக் கேட்டாள். திருத்துகிறவர்களுக்குக் கை வலிக்குமே என்று சின்னதாக எழுதினேன்டி என்று சிரித்தாள் கொக்கு. கேலியை விட்டுச் சொல்லச் சொன்னபோதும் தோன்றியதை எழுதினேன் என்பதற்கு மேல் அவளிடம் விளக்கம் இல்லை. அடுத்த பயிற்சித் தேர்வில் இவள் ஆறு பக்கம் எழுதினாள். பத்து மதிப்பெண் வந்தது.

இந்தப் பாடத்தில் அவள் ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் கல்லூரியில் இடம் கிடையாது. கல்லூரி இல்லையென்றால் சலவைக்கூடம். அங்கே ஓர் இடம் அவளுக்காகவே காத்திருந்தது. அது அவளுடைய அண்ணன் நின்ற இடம்.

நகரத்து மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வந்தன. அம்மாவுக்கு மடிப்பு மேசையில் வேலை, அண்ணனுக்குத் துவைக்கும் இயந்திரத்தில். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இயந்திரத்தின் உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் இழுத்ததும் கதவு திறந்துகொண்டது. முறுக்கிக்கொண்டிருந்த ஈர விரிப்பு ஒன்று அண்ணனின் கையைச் சுற்றி உள்ளே இழுத்தது. மறுநாள் காலையில் இறந்துபோனான். காரியங்கள் முடிந்த பிறகு மேலாளர் சொல்லி அனுப்பினார்: அந்த இடத்தை உங்கள் வீட்டுக்கே கொடுக்கலாம் என்றிருக்கிறோம். பெண்ணின் தேர்வு முடிவு வரட்டும் என்று அம்மா பதில் சொல்லியிருந்தாள். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அம்மாவின் சுபாவமே அதுதான். சலவைக்கூடத்தில் பகல் மேற்பார்வையாளருக்கும் மாலை மேற்பார்வையாளருக்கும் ஆகாது. ஒருவர் பக்கம் பேசியவர்களை மற்றவர் ஏதாவது சாக்கு வைத்து வெளியே அனுப்பிவிடுவார். அம்மா மட்டும் இத்தனை வருஷமாகத் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், யார் கேட்டாலும் பட்டும் படாமலும் பேசியதுதான். வீட்டிலும் அப்படியே. அண்ணனும் தங்கையும் சண்டை போட்டால், ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு, சாப்பிட வாங்க என்பாள். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தாள். யாராவது வந்து அபிப்பிராயம் கேட்டால் நடந்ததைச் சொல், உன் முடிவைச் சொல்லாதே.

விபத்தைப் பற்றித் தொழிலாளர் அலுவலகம் நடத்திய விசாரணையில் அம்மாவையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். மேலாளர் எதிரே உட்கார்ந்திருந்தார். யார் மீது தவறு என்று நினைக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, சொந்த மகனின் சாவைப் பற்றி அம்மா சொன்ன பதில், ரெண்டு பக்கமும் இருக்கலாங்க.

தேர்வுக்கு முந்தைய வாரம் விசாரணையின் முடிவை வாசித்தார்கள். தொழிலாளர் அலுவலகத்தின் மாடியில் ஜன்னல் திறக்காத ஓர் அறை. முன்வரிசையில் மேலாளர், சுவரோரமாக அம்மாவும் அவளும். அதிகாரி மெல்லிய குரலில், அவசரமில்லாமல் வாசித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த இயந்திரத்தை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

துவைத்து முடிந்ததும் தண்ணீர் வடிந்து, உருளை மிக வேகமாகச் சுற்றித் துணியைப் பிழியும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்தப் பாரம் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் கதவில் ஒரு பூட்டும், அதற்குத் தகவல் சொல்ல உள்ளே ஒரு சின்ன சுவிட்சும் உண்டு. உருளை முழுதாக நின்றுவிட்டது என்று சுவிட்ச் சொன்னால்தான் பூட்டு விடும். அண்ணனுடைய இயந்திரத்தில் அந்த சுவிட்ச் பழுதாகியிருந்தது. உருளை நின்ற பிறகும் கதவு திறக்காமல் மக்கர் செய்தது. துணி மலையாகக் குவிந்தது. யாரோ சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பூட்டைப் பொறுத்தவரை உருளை எப்போதுமே நின்றுதான் இருந்தது.

இதையெல்லாம் அதிகாரி ஒன்று விடாமல் சொன்னார். பராமரிப்புக்கு ஆள் போதாது என்பதையும், தொழிலாளர்கள் உருளை நிற்பதற்குள் கதவைத் திறக்கும் வழக்கம் உள்ளவர்கள் என்பதையும், அன்று வேலை அதிகம் என்பதையும் சொன்னார். கடைசியில், “ஆகவே இரு தரப்பிலும் குறைகள் இருந்திருக்கக்கூடும் எனத் தெரிகிறது” என்று முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அம்மா தலையாட்டினாள்.

அவள் அந்த வாசிப்பை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கேட்டதில் ஒரு சொல் பொய் இல்லை. ஆனாலும் ஏமாற்றப்பட்டது போல இருந்தது. விசாரணை எதற்காக வைத்தார்கள் என்று யோசித்தாள். இந்தச் சாவை நிர்வாகம் தடுத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. வாசிப்பின் தொடக்கத்தில் அதிகாரியே அதைச் சொன்னார்.

அவள் எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சார், தடுத்திருக்க முடியுமா, முடியாதா?”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பியதுபோல இருந்தது அவர் முகம்.

“எல்லாத்தையும் விரிவா சொல்லியிருக்கேனேம்மா.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியர் அறையில் நின்றுகொண்டு அவள் பேசிய பேச்சு அது. ஆறு பக்கத்துக்கு ஏன் பத்து மதிப்பெண் என்பது அந்த நாற்காலியில்தான் அவளுக்கு விளங்கியது. கேட்டது ஒன்று, அவள் கொடுத்தது அதைச் சுற்றியிருந்த எல்லாம்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கூரையின் கீழே நின்றபோது, அங்கே எதற்கு எழுந்து நின்றாய், மேலாளர் முகத்தைப் பார்த்தாயா என்றாள் அம்மா. அவளோ, கம்பி மாட்டியிருந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாருக்கும் தெரியும். உங்கண்ணனுக்கும் தெரியும். அதைச் சொல்லிட்டு மறுநாள் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த மேசைக்குப் போறது?”

மறுநாள் விடுமுறை. சமையலறை மேசையில் அவள் ஒரு தாளை வைத்து, விசாரணையின் கேள்வியைத் தேர்வுக் கேள்விபோலத் தலைப்பில் எழுதினாள். முதல் வரியே எழுத வரவில்லை. எழுதினாள், அடித்தாள். தகவல் எல்லாம் கையில் இருந்தது. அவற்றைக் கொட்டுவது எளிது, அந்த ஒரு வரியை எழுதத்தான் கை கூசியது. அதை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் அந்த வரிக்குக் கட்டுப்பட வேண்டும், யாராவது கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். கடைசியில் எழுதினாள்: ‘நிர்வாகம் இந்தச் சாவைத் தடுத்திருக்க முடியும்.’

அதன் பிறகு ஆச்சரியமாக இருந்தது. தகவல்கள் தாங்களாகவே இடம் பிடித்தன. கம்பி முதலில் வந்தது. பராமரிப்புக்கு ஆள் போதாதது அடுத்தது, ஏனென்றால் கம்பி ஏன் அப்படியே கிடந்தது என்பதை அதுதான் விளக்கியது. அன்று வேலை அதிகம் என்பதற்கு இடமே கிடைக்கவில்லை. உண்மைதான், ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. அதை விட்டுவிட்டாள். தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எதிர்த்தரப்பில் வலுவானது எது என்று தேடினாள். உருளை நிற்குமுன் அண்ணன் கதவைத் திறந்தான் என்பதுதான். அதை மறைக்கவில்லை. மனிதர்கள் அவசரப்படுவார்கள் என்பதால்தான் இயந்திரத்தைச் செய்தவன் பூட்டு வைத்தான், அவசரத்தைத் தடுப்பதுதான் அந்தப் பூட்டின் ஒரே வேலை, பூட்டைக் கெடுத்துவிட்டு அவசரத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்று எழுதினாள். எழுதி முடித்தபோது ஒன்றரைப் பக்கம்கூட ஆகவில்லை.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி படித்தாள். நடுவில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. படித்து முடித்ததும் அம்மா திரும்பாமலே பேசினாள்.

“கம்பிய யாரோ மாட்டினாங்கன்னு எழுதியிருக்கியே, அது தப்பு. பகல் மேற்பார்வையாளர்தான் மாட்டினாரு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். புது சுவிட்ச் வாங்கித் தாங்கன்னு உங்கண்ணன் ரெண்டு தடவை போய்க் கேட்டான். அதையும் எழுதிக்கோ.”

அவள் எழுதிக்கொண்டாள். இதை அதிகாரியிடம் சொல்ல வருவாயா என்று கேட்டாள். அம்மா ஒரு தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். நீ முதலில் பாஸ் பண்ணு என்றாள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அம்மா அதே மேசைக்குத்தான் போனாள். அதிகாரியிடம் யாரும் போகவில்லை. சலவைக்கூடத்துக்கு வந்த புது சுவிட்ச் ஒரே ஒரு இயந்திரத்துக்கு, அண்ணன் நின்றிருந்த இயந்திரத்துக்கு மட்டும்தான்.

இறுதித் தேர்வில் வந்த கேள்வி: ‘நாடாளுமன்றம் அரசைப் பொறுப்புக்கூற வைக்கிறது. இக்கூற்று எந்த அளவுக்குச் சரி?’ அறையில் எல்லோரும் உடனே எழுதத் தொடங்கினார்கள். முன்னால் கொக்கின் நீண்ட கழுத்து தாளின்மேல் குனிந்தது. அவள் மட்டும் சிறிது நேரம் எழுதாமல் உட்கார்ந்து, தான் என்ன நினைக்கிறோம் என்று முடிவு செய்தாள். ‘நாடாளுமன்றம் அரசைக் கேள்வி கேட்கிறது, ஆனால் பதில் சொல்ல வைப்பதில்லை, ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை இக்கூற்று சிறிதளவே சரி’ என்பது அவளுடைய முதல் வாக்கியம். பதினெட்டு மதிப்பெண் வந்தது. கல்லூரியில் இடம் கிடைத்தது. அண்ணன் நின்ற இடத்துக்கு வேறு வீட்டிலிருந்து ஒருவர் போனார்.

அவள் எழுதிய முறை இவ்வளவுதான். முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிட வேண்டும். பிறகு பத்திக்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்கு ஒரு சான்று. அந்த விடைக்கு உதவாத தகவல் எவ்வளவு உண்மையானாலும் வெளியே. எதிர்க்கருத்தில் மிக வலுவானதை மறைக்காமல் எடுத்து, அது ஏன் போதாது என்று காட்ட வேண்டும். ‘எந்த அளவுக்கு’ என்று கேட்டிருந்தால் அந்த விடையிலேயே அளவையும் சொல்ல வேண்டும்.