கொண்டைக்குருவிக்கு எல் போர்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவுடையது. இன்று காலை போனில் சொன்னாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால், கண்ணில் நீர் வந்ததற்குக் கதையைப் பொறுப்பாக்க முடியவில்லை.

"எழுதறேன் எழுதறேன்னு திரியறியே, உங்க அத்தான் அடிக்கிற கூத்தை எழுதேன்டா. ஆனா ஒண்ணு. குஞ்சைக் கிஞ்சைச் சாகடிச்சே, சாப்பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்துடாதே."

ஆகவே வாசகரே, தைரியமாகப் படியுங்கள். அக்கா கைச் சாப்பாடு எனக்கு இலக்கியத்தைவிட முக்கியம்.

2

அந்தி மயங்கும் வேளையில், கொல்லைப்புறக் கொடியின் மெல்லிய

(இந்த ஆரம்பம் வேண்டாம். அந்தக் கொடி என் மணிக்கட்டு கனம்.)

மாஸ்டருக்குப் பறவைகள் என்றால் உயிர்.

(பொய். போன மாதம்வரை அத்தானுக்குக் காக்கை, காக்கை அல்லாதவை என்று இரண்டே இனம்.)

மாஸ்டரின் வலது கால் எப்போதும் பிரேக்கைத் தேடும்.

இது நிற்கும். அத்தான் கார் ஓட்டக் கற்றுத்தருபவர், ஊருக்கே மாஸ்டர். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்கில் அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்தியே பழகிய கால், வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. டிவியில் யாராவது ஓடினால் தரையை அழுத்தும். அக்கா சற்று வேகமாகக் குழம்பு ஊற்றினாலும் அழுத்தும். சாப்பாட்டு மேசைக்கு அடியில், அவர் நாற்காலிக்கு நேராக, விரிப்பு தேய்ந்தே போய்விட்டது.

3

மகளுக்குப் புது வேலை, ஊரின் மறுகோடியில். உரிமம் கைக்கு வந்தாயிற்று. வீட்டுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. முதல் நாள் காலை கொல்லைப்புறக் கொட்டகையில் அவள் சாவியைத் திருகியதும், தலைக்கு மேலே கூரையில் படர்ந்த கொடியிலிருந்து இரண்டு கொண்டைக்குருவிகள் அலறிக்கொண்டு பறந்தன.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு! மேல கூடு இருக்கு!"

கூட்டில் முட்டைகள். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை கார் நகரக் கூடாது என்று மாஸ்டர் சட்டம் போட்டார். அதுவரை மகளைப் பயிற்சிக் காரில் அவரே கொண்டுபோய் விடுவார்.

(கூட்டைக் கண்டதும் அவர் முகத்தில் கவலை தெரிந்தது என்கிறாள் அக்கா. நிம்மதி தெரிந்தது என்கிறாளாம் மகள். இரண்டு பேரையும் நம்புகிறேன்.)

"மானம் போகுதுப்பா. 'இன்னிக்கு ரிவர்ஸ் எடுத்தியாம்மா'ன்னு ஆபீஸ் வாட்ச்மேன் கேக்கறார்."

"எடுத்தேன்னு சொல்லேன்."

4

மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லைப்புறத்தில் போட்டுக்கொண்டார். கொட்டகைத் தூணில் ஓர் எல் போர்டைக் கட்டினார். யாருக்கு எச்சரிக்கை என்று கேட்டால், "பொதுவா" என்றார். அணில் அதைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனது. ஓணான் ஒன்று கார் வைப்பர்மேல் ஏறி, நடப்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

(இந்த ஓணான்மேல் எனக்கே சந்தேகம். "நம்ம வீட்ல ஏதுடா ஓணான்?" என்பாள் அக்கா. மாஸ்டர் சொல்வதற்குத் தலையாட்ட அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை; நான்தான் சேர்த்தேன்.)

பிறகு பூனை வந்தது. வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்பது மாஸ்டரின் கணக்கு. மதிலோரம் தினமும் மீன் வைத்தார். பூனைக்கு அவர் நல்ல மனசு புரிந்தது. அடுத்த வாரம் சொந்தபந்தத்தோடு வந்து காரின் பானட்மேல் குடியேறியது.

"குருவிக்குக் காவலா, பூனைக்கு விருந்தா? ஏதாவது ஒண்ணைப் பண்ணித் தொலைங்க," என்றாள் அக்கா.

5

இரண்டு குஞ்சுகள் பறந்துவிட்டன. ஒன்று பாக்கி. இன்று காலை மகள் சாவியோடு வந்து நின்றாள்.

"அது ரெடிப்பா."

"இறக்கை இன்னும் சரியா வளரலை."

"வளந்தாச்சு. நீங்க எங்க அதைப் பாக்கறீங்க? என் கையில சாவி இருக்கான்னுதான் பாக்கறீங்க."

"கீழ பூனை நிக்குதும்மா."

"கூப்பிட்டுச் சோறு போட்டது யாரு?"

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். (ஓணான் தலையாட்டியது.) மகள் காருக்குள் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். வண்டியைக் கிளப்பவில்லை. குஞ்சு போகட்டும் என்று காத்திருக்கிறாள். அவளுக்கும் அது குஞ்சுதானே.

இனி முடிவு.

அ) பொன்னிற வெயிலில் குஞ்சு சிறகு விரிக்க, அப்பாவும் மகளும் கண்ணீர் மல்க

(கூசுகிறது.)

ஆ) பூனை பதுங்கி

(சாப்பாடு!)

இ) மாஸ்டர் ஏணி போட்டுக் குஞ்சை இறக்கி, பயிற்சிக் காரில் வைத்து, பெல்ட் மாட்டி, பக்கத்து மரத்தில் கொண்டுபோய் விடுகிறார்.

(இதை அவர் உண்மையிலேயே செய்யக்கூடியவர். அதனால்தான் பயமாக இருக்கிறது.)

6

வாசகரே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "இருடா, அது விளிம்புக்கு வந்துடுச்சு! ஐயோ, இந்த மனுஷன் ஏணிகிட்ட போறாரே! ஏங்க..." என்றாள். போன் எங்கேயோ விழுந்த சத்தம். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அடுப்பில் போட்டிருந்த வெங்காயம் தீய்ந்துவிட்டது.

ஏணியை எடுத்தாரா, நாற்காலிக்கே திரும்பினாரா? திரும்பினார் என்றே வைத்துக்கொள்கிறேன். அத்தான்மேல் எனக்குப் பிரியம் உண்டு. குஞ்சு கூட்டின் விளிம்பில். பூனை பானட்டில். மகள் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்க்கிறாள். நான் எழுதிய கடைசி வரி இது:

மாஸ்டரின் வலது கால் தரையை விட்டு

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. குனிந்து பார்த்தால், மேசைக்கு அடியில் என் காலும் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது.

உங்கள் காலையும் ஒருமுறை பாருங்கள். அழுத்திக்கொண்டிருந்தால் மெதுவாக எடுங்கள். அவர்கள் கிளம்பட்டும்.