பதினோரு நிமிடம் முந்தி அடித்தவன்

அந்த ராக் குழுவின் டிரம்மர் அடித்தால் சத்தம் பதினோரு நிமிடம் கழித்துத்தான் வரும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் முதன்முதலாக அடித்தபோது ஒரு நொடிதான் தாமதம். கணக்கு வாத்தியார் சோம்பேறி என்று திட்டினார். லேட்டு என்ற பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் தாமதம் வருஷத்துக்கு ஒரு நிமிடமாக வளர்ந்தது. குச்சியை மாற்றினார்கள், டிரம்மையே மாற்றினார்கள், டாக்டரிடம் போனார்கள். டாக்டர் தட்டிப் பார்த்தார். அவர் தட்டியது உடனே கேட்டது. ஆக, கோளாறு இவன் கையில்தான். கிட்டார் வாசித்துப் பாடுகிற அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. தம்பி முன்னாடியே அடிக்கட்டும், நாம் நேரம் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம் என்றாள். டயர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டினார்கள். அவன் தொடங்கியதும் அக்காவும் பேஸ் கிட்டார்க்காரனும் டீ குடிக்கப் போய், திரும்பி வந்து, தாளம் வரும் நொடியில் நுழைவார்கள். ஒரு கல்யாணத்தில் பாதியிலேயே மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள்; அவன் அதற்குள் அடித்து வைத்திருந்த டிரம்ஸ், கல்யாணப் பெண்ணின் அப்பா நன்றி சொல்லி முடிக்கும்வரை முழங்கியது. இப்படியே பதினோரு வருஷம் குப்பை கொட்டினார்கள்.

கடைசியில் பெரிய அரங்கம் கிடைத்தது. மூவாயிரம் நாற்காலி, முன்வரிசையில் பாட்டுக் கம்பெனிக்காரர். ஒப்பந்தம் அவர் சட்டைப் பையில் இருந்தது. "பாட்டெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இன்னிக்கு ஒரு அடி பிசகினாலும் உங்க தம்பி இடத்துல டிரம் மெஷின்தான்," என்றார். அக்கா தலையாட்டினாள். டிரம்ஸைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது.

காலி மேடையில் தனியாக உட்கார்ந்து சத்தமில்லாமல் வெளுத்துக்கட்டினான், கூட்டம் சிரித்தது. பதினோராவது நிமிடம் தாளம் வந்தது, அக்கா முதல் பாட்டைத் தொடங்கினாள், சிரிப்பு அடங்கியது. அவன் கை அதற்குள் மூன்றாம் பாட்டில் இருந்தது. அங்கேதான் வியர்வையில் ஒரு குச்சி வழுக்கியது. அதைப் பிடிக்கப் போய் மற்றதும் விழுந்தது. எடுப்பதற்குள் நாலு அடி போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பதினோரு நிமிடத்தில் அந்த ஓட்டை வந்தே தீரும். சொன்னால் அக்கா பதறுவாள், சொல்லாவிட்டால் நடுப்பாட்டில் தடுக்கி விழுவாள். கை பாட்டுக்கு அடிக்க, நெஞ்சு வேறு பக்கம் அடித்துக்கொண்டது. முதல் பாட்டுக்குக் கைதட்டியபோது துணிந்து கத்தினான்.

"அக்கா, மூணாவது பாட்டு, ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் நாலு அடி காலி!"

"காலின்னா?"

"ஒண்ணுமே வராதுக்கா. குச்சி விழுந்துடுச்சு."

அவள் கம்பெனிக்காரரை ஒரு தடவை பார்த்தாள். "சரி, நீ நிறுத்தாம அடி," என்று சொல்லிவிட்டு பேஸ்காரன் காதில் ஏதோ சொன்னாள்.

இரண்டாவது சரணம் முடிந்தது. அக்கா கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினாள், பேஸ்காரனும் அமுக்கினான். நாலு அடி நேரம் மூவாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது அடியில் மூன்றும் ஒன்றாக இடித்தன. கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்தது. "அந்த இடத்தை மட்டும் மாத்திடாதீங்க," என்று பிற்பாடு கம்பெனிக்காரர் சொன்னார்.

அன்று கடைசி அடியையும் அடித்து முடித்ததும், சத்தம் இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருக்க, அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினான். இத்தனை வருஷமும் பயத்தில் ஸ்டூலை விட்டு நகர்ந்ததே இல்லை. தான் அடித்தது எதிரிலிருந்து வந்து நெஞ்சில் மோதியபோது அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி, "என்னமா அடிக்கிறாங்க! யாருப்பா டிரம்ஸ்?" என்றாள்.

"நான்தாங்க."

அவள் காலி ஸ்டூலையும் அவனையும் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா. கொஞ்சம் தள்ளி நில்லு, மேடையை மறைக்கிறே."

அவன் தள்ளி நின்றான்.