நாலாம் நம்பர் பிரேக்

என் வீட்டுக்காரர் சாலைப் பாதுகாப்புப் பிரிவில் குமாஸ்தா. அது போதாதென்று ஒரு துண்டுப் பிரசுரமும் எழுதியவர். "சைக்கிளுக்கு இரண்டு பிரேக் கட்டாயம். ஏறுமுன் சோதிப்பது ஓட்டுபவர் பொறுப்பு." இந்த இரண்டு வரியைச் சாப்பிடும்போது எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று என் காதுக்குத்தான் தெரியும்.

நான் மருந்துக்கடை சைக்கிளில் வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுப்பவள். கடை முதலாளி சந்தேகப் பிராணி. யாராவது கழற்றிவிடுவார்கள் என்று மணி, பெடல், பிரேக் எல்லாவற்றிலும் பச்சைப் பெயிண்டால் நம்பர் எழுதிவைப்பார். என்னுடையது நாலு. ராத்திரி வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். போலீஸிடம் அபராதச் சீட்டு வாங்கினால் அன்றோடு வேலை போச்சு. இதுவரை இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறார்.

அன்று காலை அவசரம். பிரேக்கை அழுத்திப் பார்க்காமல் ஏறிவிட்டேன். அது என் தப்புதான், மழுப்பவில்லை. சரிவில் பாதி இறங்கியபோது முன் பிரேக் பிடி வெறுமனே ஆடியது. பின் பிரேக் முனகியதே தவிர வண்டி நிற்கவில்லை. சரிவின் அடியில் கூடாரம் போட்டு, மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவர் சாட்சாத் என் வீட்டுக்காரர். அவருடைய மேசையைச் சாய்த்துக்கொண்டு நானும் விழுந்தேன். பிரசுரங்கள் எல்லாம் என் மேலேயே கொட்டின.

அடிபட்டதா என்று கேட்பார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. மைக்கைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

"வீட்ல தலைபாடா அடிச்சுக்கறேன் சார், கேக்கறதே இல்ல," என்றார் அங்கிருந்த போலீஸ்காரரிடம். "ஓட்டறவங்கதான் பொறுப்பு. சீட்டு எழுதுங்க. என் பொண்டாட்டின்னு பாக்காதீங்க."

கூட்டம் கை தட்டியது. சீட்டு எழுதினால் என் வேலை போய்விடும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

போலீஸ்காரர் குனிந்து என் சைக்கிளைப் பார்த்தார். முன் பிரேக்கே இல்லை. ஸ்பானர் போட்டுக் கழற்றிய இடம் மட்டும் பளபளத்தது. அப்புறம், கூடாரத்தில் காட்சிக்கு நின்ற சைக்கிளைப் பார்த்தார். 'சட்டப்படி சரியான சைக்கிள்' என்று அதில் அட்டை தொங்கியது. அதன் முன் பிரேக்கில் பச்சையாக ஒரு நாலு.

"இது யாரோட வண்டி?"

"ஆபீஸ் வண்டி சார். ஒரு பிரேக் குறைஞ்சுது... விடிகாலைல கழட்டினேன், சாயங்காலம் திருப்பி மாட்டிடலாம்னு..."

மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. தெருக்கோடி வரை கேட்டது.

"என் பேர்லயே சீட்டு எழுதுங்க சார்," என்றேன். "ஓட்டினது நான்தான். பிரேக் எங்க இருந்துச்சுன்னும் அதிலயே எழுதிடுங்க. இவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்."

போட்டார்.

முதலாளி சீட்டை இரண்டு தடவை படித்தார். "நீ நாளைக்கு வேலைக்கு வா," என்றார். "உன் வீட்டுக்காரர் வந்தா வாசலோட நிக்கட்டும்."

மறுநாள் நான் கிளம்பும்போது "பாத்துப் போ" என்றார் வீட்டுக்காரர். அவர் முகத்தைப் பார்த்தபடியே இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். அப்புறம் குனிந்து, நாலு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.