சுன்ஹியின் இரண்டு முடிச்சுகள்

1

இந்தக் கதை எனக்கு மளிகைக் கடை வாசலில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் என் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி ஆன்ட்டி, முருங்கைக்காய்ப் பையைக் கார் மேல் வைத்துவிட்டு, "எழுதறியே, இதை எழுதேன்" என்றார். கேட்ட பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: 'வடகொரியாவின் எல்லையோர நகரம் ஒன்றில் பனி கொட்டிக்...'

(வேண்டாம். நான் பனியைப் பார்த்ததே தாஹோ மலைக்குச் சுற்றுலா போனபோது, வாடகைக் கோட்டுப் போட்டுக்கொண்டு.)

இரண்டாவது தொடக்கம். ஆன்ட்டியின் மகள் அதிதி கட்டிக்கொள்ளப்போகும் மின்ஹோ சாப்பிட வந்திருந்தான். கல்யாண வேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்த ஆன்ட்டி, "அதி, அவர்கிட்ட சொல்லு. தாலியில முதல் முடிச்சுதான் அவர் போடணும். மத்த ரெண்டும் நாத்தனார். அக்கா தங்கை யாராவது இருக்காளான்னு கேளு" என்றார்.

எந்தத் தமிழ் அம்மாவும் கேட்கிற கேள்விதான். அதிதி மொழிபெயர்த்தாள். மின்ஹோ ஸ்பூனைக் கீழே வைத்தான். "தெரியாது" என்றான் ஆங்கிலத்தில்.

3

பிறகு அவன் சொன்னது இது: வடகொரியாவில் அப்பா அம்மா இருவரும் பசியிலும் நோயிலும் போனபின், பதினோரு வயது மின்ஹோ ஆறு வயதுத் தங்கை சுன்ஹியைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்தான். அங்கே அவர்களைப் போல ஒரு கூட்டமே இருந்தது. பகலில் சந்தையில் சிந்திய சோளத்தைப் பொறுக்கினார்கள். இரவில் சூடு ஆறாத கரிச்சாம்பல் மேட்டில் ஒட்டிப் படுத்தார்கள். ஓரத்தில் கிடப்பவர்கள் விறைத்துப்போவார்கள். அதனால் முறை வைத்து ஓரத்துப் பிள்ளைகள் நடுவுக்கு வந்தார்கள், நடுவில் இருந்தவர்கள் ஓரத்துக்குப் போனார்கள். எவ்வளவு பெரிய முரடனுக்கும் நடு சொந்தமில்லை.

(எல்லோரும் சமம் என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்த அரசாங்கம் அது. அதைச் செய்துகாட்டியவர்கள் அந்தச் சுவரடியில் பசித்துக் கிடந்த பிள்ளைகள். இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

ஒருநாள் போலீஸ் துரத்தியது. ஓட்டத்தில் தங்கையின் கை நழுவியது. தேடித் தேடிக் கிடைக்காமல், கடைசியில் அவன் தனியாக எல்லை ஆற்றைத் தாண்டி

(இந்த வாக்கியத்தை அவனும் முடிக்கவில்லை.)

4

முடிவு அ: முகூர்த்த நேரத்தில் சுன்ஹி விமானத்திலிருந்து இறங்கி...

(அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு ஆ: அதிதியின் சித்தி மகள் அஞ்சனா, நாத்தனார் ஸ்தானத்தில் நின்று முடிச்சுப் போடுகிறாள். சாஸ்திரிகள் சொன்ன வழி இது. மின்ஹோ தலையாட்டவில்லை. "வேறொருத்தி போட்டால், சுன்ஹி செத்துவிட்டாள் என்று நானே சொன்னதாகும்" என்றான்.

முடிவு இ, ஆன்ட்டியுடையது: "அப்போ ஒரு முடிச்சோட விட்டுடலாம். மிச்சத்தை அவ வந்து போடட்டும்."

"ஒரு முடிச்சுல தாலி நிக்குமா மாமி?" என்றார் சாஸ்திரிகள்.

"நான் சேஃப்டி பின் போட்டுக்கறேன். இட்ஸ் ஃபைன்" என்றாள் அதிதி.

மின்ஹோ எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

5

இதுவரை எழுதியதை அதிதி அவனுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக்காட்டினாள். அவன் ஒரே ஒரு திருத்தம் சொன்னான். "எல்லோரும் சுன்ஹிக்கு ஆறு வயது என்றே எழுதுகிறார்கள். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு."

கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கதையை முடிக்க எனக்குத் துணிச்சலும் இல்லை, உரிமையும் இல்லை. இருபத்திரண்டு வயதில் சுன்ஹி என்று ஒருத்தி எந்த ஊரிலாவது உங்கள் கண்ணில் பட்டால், சன்னிவேலில் அவள் அண்ணிக்கு இரண்டு முடிச்சு பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள்.