நாற்பது முறை திறந்த கதவு

மன்னிப்பு கேட்பதற்குக்கூட ஒத்திகை உண்டு என்பது அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, பிரார்த்தனைக் குழுவைச் சேர்ந்த அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயில்ல வகுப்பு எடுக்கறோம்மா. வெளிய வர்றதுக்கு முன்னாடி மனசைத் தயார் பண்ணணும் இல்லையா? வகுப்புல ஒரு கதவு வெச்சிருக்கோம். நிஜக் கதவு, நிலையோட. உங்க தம்பி அந்தப் பக்கம் நின்னு தட்டுவார். நான் இந்தப் பக்கம் உங்களா நின்னு திறப்பேன். நாப்பது தடவை பண்ணியாச்சு. இப்போ எவ்வளவு அழகா பேசறார் தெரியுமா!"

"நீங்க, நானா?"

"ஆமாம்மா."

"திறந்து என்ன சொல்வீங்க?"

"'உள்ள வாப்பா, எல்லாம் முடிஞ்சு போச்சு'ன்னு சொல்லிக் கட்டிப்பிடிச்சுக்குவேன்."

அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அடி வாங்கியது ஒருத்தி, வலிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருப்பது இன்னொருத்தி. இந்த அம்மாளுக்கு அக்கா மனதுக்குள் சிரிப்பு மேடம் என்று பெயர் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இது மூன்றாவது வருகை. முதல் இரண்டு தடவையும் வாசலோடு அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை மழை பெய்து தொலைத்தது.

மேடம் வந்த காரியம் ஒரு தாள். தம்பிக்குத் தண்டனை முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நன்னடத்தையில் இப்போதே விடத் தயார். ஆனால் உறவோ வேண்டியவரோ யாராவது ஒருவர் சொந்த வீட்டு முகவரியைக் கொடுத்து, இவனை இங்கே வைத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வருகிற சனிக்கிழமை கடைசி நாள்.

"அவன் என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

மேடம் பதறிப்போய்க் கையை ஆட்டினாள். "ஐயையோ, அதை நாங்க கேக்கவே மாட்டோம். அது எங்க குழுவோட விதி. பழசைக் கிளறினா மனசு திரும்பாதும்மா."

"சனிக்கிழமை வர்றேன்" என்றாள் அக்கா. மேடத்தின் முகம் பூரித்தது. போடமாட்டேன் என்பதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் அக்கா வருகிறாள் என்று அந்தப் பூரிப்புக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். வெந்நீரிலும் பிளீச்சிலும் ஊறிய கை வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. இரண்டு இடத்தில் பையைக் கொட்டிக் காட்டி, மூன்று இடத்தில் பெயர் எழுதி உள்ளே போனால், சிறை நூலகத்தின் நடுவில் நிற்கிறது அந்தக் கதவு. இந்தப் பக்கமும் சுவர் இல்லை, அந்தப் பக்கமும் சுவர் இல்லை. பச்சை பெயின்ட் அடித்து, கைப்பிடி வைத்து, கீழே சக்கரம் மாட்டி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஆனாலும் மேடம் அக்காவைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் நிறுத்தினாள். ஜன்னலோரம் ஒரு காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தட்டும் சத்தம் கேட்டது. அக்கா திறந்தாள்.

ஆறு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தான். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் வந்ததற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். நீ பட்ட கஷ்டத்துக்கெல்லாம் நான்தான் காரணம். என்னை மன்னிச்சு ஒரு வாய்ப்பு கொடு." தட்டுத் தடுமாறாமல் ஒப்பித்துவிட்டு, இரண்டு கையையும் லேசாக விரித்தபடி ஒரு எட்டு முன்னால் வைத்தான். வழக்கமாக அந்த இடத்தில் மேடம் கட்டிப்பிடிப்பாள் போலிருக்கிறது.

அக்கா நகரவில்லை. "என்ன தப்பு?" என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது. மேடத்தைத் திரும்பிப் பார்த்தான். மேடம் மெதுவாக, "எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லுங்கம்மா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்க சும்மா இருங்க. டேய், என்ன தப்பு?"

"அந்த வாட்ச்மேனை அடிச்சேன்ல..."

"அதை ஜட்ஜ் கேட்டாச்சு. எனக்கு என்ன செஞ்சே?"

பழைய தம்பி அப்போதுதான் வெளியே வந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "ஆறு வருஷமா எட்டிப் பாக்கல, இப்ப வந்து விசாரணை பண்றியா? அம்மா வழுக்கி விழுந்துட்டாங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னது யாரு? நீதானே? அப்போ எங்க போச்சு இந்த வாய்?"

காவலரின் கொட்டாவி நின்றது. மேடத்தின் சிரிப்பு உதட்டிலேயே தொங்கியது.

"அம்மா சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்" என்றாள் அக்கா. "உன்னைக் காப்பாத்தச் சொன்னாங்க. அவங்க கண்ணை மூடற வரைக்கும் மூணு மாசம் பீ மூத்திரம் அள்ளினேன், ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. இன்னைக்கு நீ சொல்லு. இவங்க முன்னாடி சொல்லு."

அவன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பிறகு பேசினான். ஒப்பிக்கிற குரல் இல்லை அது.

"அம்மாகிட்ட பீரோ சாவி கேட்டேன். தர மாட்டேன்னாங்க. தள்ளினேன். கட்டில் முனையில இடுப்பு பட்டு விழுந்தாங்க. சாவியை எடுத்து, வேண்டியதை எடுத்துக்கிட்டு, ரூமை வெளியில பூட்டினேன். பூட்டும்போது என்னைக் கூப்பிட்டாங்க. கேட்டுச்சு. கேட்டும் போயிட்டேன்."

கூப்பிட்டது அக்காவுக்குத் தெரியாது. அம்மா அதைச் சொல்லவே இல்லை. காலையில் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தபோது அம்மாவின் உதடு வெடித்து வறண்டு கிடந்தது மட்டும் தெரியும். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் நகர்ந்து கதவு ஆடியது.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை நீட்டினாள். "பாத்தீங்களா, மனசைத் திறந்துட்டார். இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

அக்கா தம்பியிடம்தான் பேசினாள். "நீ சொன்னதை நான் நம்பறேன்டா. முழுசா நம்பறேன். அதனாலதான் கையெழுத்துப் போடல. நீ பூட்டிட்டுப் போன அந்த ரூம்ல இப்ப என் பொண்ணு தூங்கறா."

அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

மேடத்துக்குத்தான் தாங்கவில்லை. "உங்களுக்கு மனசே இல்லையா? இன்னைக்கு விட்டா இன்னும் ரெண்டு வருஷம் உள்ள கிடக்கணும். அவர் யார் வீட்டுக்குப் போவார்?"

"உங்க வீட்டுக்கு" என்றாள் அக்கா. "நாப்பது தடவை திறந்து கட்டிப்பிடிச்சீங்களே. வேண்டியவங்க யார் வேணும்னாலும் போடலாம்னு தாள்லயே இருக்கு. பேனாவும் உங்க கையிலதான் இருக்கு."

ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் தம்பி அதை ஆத்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது ஆசை. முட்டாள்! அவன் அந்தக் கதவை நிஜம் என்றே நம்பியிருக்கிறான்.

"இல்ல... எங்க வீட்ல... எனக்கும் வயசுப் பொண்ணு இருக்கா..." என்றாள் மேடம். "அதுவுமில்லாம, எங்க குழு விதிப்படி..."

பேனாவைப் பைக்குள் போட்டாள். பையின் ஜிப்பு பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். காவலர் எழுந்து நேரமாச்சு என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "பரவால்ல மேடம்" என்றான். காவலரோடு நாலு எட்டு நடந்தவன் நின்று திரும்பினான்.

"அடுத்த சனிக்கிழமை வருவீங்கல்ல?"

மேடம் ஜிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"கேக்கறான்ல?" என்று கத்தினாள் அக்கா. "பதில் சொல்லுங்க!"