வெள்ளை மாத்திரையும் முதல் பானையும்

1

“அந்த வெள்ள மாத்திரையயும் முழுங்குக்கா, டாக்டரம்மா அம்புட்டுச் சொல்லி…”

“முழுங்குனா திரும்ப வீட்டுக்குத் தூரமாயிருவேன்டி! அம்பது வயசுல எனக்கு…”

“ரெண்டையுந்தான சாப்பிடச் சொன்னாக?”

“ஒனக்கு என்னடி இம்புட்டு அக்கற?”

1967-இல் வத்தலக்குண்டு பஸ்ஸில், எனக்குப் பின்னால் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் முகம் கிடைத்திருக்கும், பேச்சு நின்றிருக்கும். செம்பட்டியில் இறங்கிவிட்டார்கள். இனி எல்லாம் என் சரக்கு. மூத்தவளுக்கு ஒச்சம்மாள் என்று பெயர் வைத்தேன். அவள் கொழுந்தன் மனைவிக்குப் பழனியம்மாள்.

2

திண்டுக்கல் சமவெளியில் கதிரவன் தன் பொற்கரங்களை… (வேண்டாம். கதிரவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.)

ஒச்சம்மாளுக்கு உடம்பு நினைத்த நேரத்தில் தீயாய்ப் பற்றும். வெங்காய மண்டியில் ஏலத்தின் நடுவே முந்தானையால் விசிறிக்கொள்வாள். டாக்டரம்மா சூடு தணிய மஞ்சள் மாத்திரை கொடுத்தார். கூடவே, மாதத்தில் பத்து நாளைக்கு வெள்ளை.

(அடிக்குறிப்பு, நடுவிலேயே: மஞ்சள் மட்டும் தின்றால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகலாம். வெள்ளை, புரோஜெஸ்டிரோன் வகை. அதை அடக்கி, மாதாமாதம் நாள் தெரிந்து தூரமாகக் கழித்துவிடும். “களை எடுக்காம உரம் போட்டா?” என்று டாக்டரம்மா கேட்டதாக எழுதி, அடித்துவிட்டேன். அவர் மெட்ராஸ்காரர், களைக்கு எங்கே போவார்?)

3

சிக்கல் இதுதான். ஊர் அம்மனுக்கு முதல் பொங்கல் பானையை, அவர்கள் வீட்டில் தூரம் நின்றுபோன மூத்த மருமகள்தான் சுமக்க வேண்டும். ஒச்சம்மாள் முப்பது வருடம் காத்திருந்தவள். அவளுக்குத் திரும்பினால், பானை போன வருடமே தூரம் நின்றுவிட்ட பழனியம்மாளுக்கு.

பழனியம்மாளை நல்லவளாக எழுதினேன், கதை தூங்கிவிட்டது. பானைக்கு ஆசைப்பட்டவளாக எழுதினேன், சண்டைக்கு வந்துவிட்டாள். “ஏன் ஆத்தா, ஆசையும் இருந்துட்டுப் போகட்டும், அக்கா மேல பிரியமும் இருந்துட்டுப் போகட்டுமே!”

4

ஒச்சம்மாள் நாலு மாதம் மஞ்சளை மட்டும் தின்றாள். திருவிழாக் காலையில், பானையைத் தூக்கக் குனிந்தவளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது.

“வெள்ளையத் தின்னுருந்தா நாளு தெரிஞ்சு வந்துருக்கும்க்கா. போன வாரமே முடிஞ்சிருக்கும்.”

“இப்பச் சொல்லு!”

“அப்பயும் சொன்னேன்.”

வெளியே கொட்டு முழங்குகிறது. பார்த்தவள் பழனியம்மாள் ஒருத்திதான். ஒச்சம்மாள் பானையை அவளிடம் நீட்டி… (இல்லை, நீட்டமாட்டாள்.) பழனியம்மாள் ஊரைக் கூட்டி… (அவள் என்னை உதைப்பாள்.) முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

“நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. நாளைக்கு எங்கூட டாக்டரம்மாட்ட வாரேன்னு பானை மேல கை வச்சுச் சொல்லு, தலையில தூக்கி விடுறேன்.”